செடிக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில், மண் இல்லாமல் மொட்டை மாடியில் காய்கறி வளர்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஊட்டக் கரைசல் (உரம் கரைத்த தண்ணீர்) கலப்பது, பிஎச் என்ற அமில, கார அளவைப் பார்ப்பது, நாற்றை 'நெட் பாட்' என்ற ஓட்டைக் கிண்ணத்துக்குள் வைப்பது எல்லாம் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆனால் நடுவில் ஒரு வரி: 'வீட்டில் சும்மா கிடக்கும் எந்த டப்பாவிலும் வளர்க்கலாம்.' அந்த வரி சரியில்லை. வேலூர் வெயிலில் அதை நம்பி ஆரம்பிப்பவர்களின் செடி சித்திரை தாண்டாது. அதனால்தான் எழுதுகிறேன்.

லாங் பஜார் பக்கம் பிளாஸ்டிக், எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். வீடு சத்துவாச்சாரி. வீட்டு மாடியில் பக்கெட்டிலும் தெர்மாகோல் பெட்டியிலும் தக்காளி, மிளகாய், லெட்யூஸ் (சாலட் கீரை), கீரை வளர்க்கிறேன். கடையில் பக்கெட் விற்பவனும் நான்தான், அந்தப் பக்கெட்டில் வேர் எப்படி இருக்கிறது என்று மூடியைத் தூக்கிப் பார்ப்பவனும் நான்தான். இரண்டும் தெரிந்ததால் இந்த விஷயத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

மாடித் தோட்டத்துக்கு என்று சாமான் வாங்க வருபவர்கள் முதலில் விலை கேட்பார்கள், அப்புறம் நிறம். மூடி இருக்கிறதா என்று சிலர் கேட்பார்கள். எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்பவர் குறைவு. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்தச் செடி வைக்கப் போறீங்க?" இதற்குப் பதில் சொன்னால்தான் பாத்திரத்தை எடுத்துக் கொடுக்க முடியும். மண் தொட்டியில் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் செடி எப்படியோ சமாளித்துக்கொள்ளும். மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும், உப்பையும் கொஞ்சம் தாங்கும். தண்ணீர் மட்டும் உள்ள பாத்திரத்தில் அப்படித் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. தண்ணீரின் அளவுதான் ஒரே பாதுகாப்பு.

ஒரு கணக்கு சொல்கிறேன். 5 லிட்டர் பிடிக்கும் டப்பாவில் ஒரு தக்காளிச் செடி, கரைசலின் ஈசி (கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) 2 என்று வைத்துக்கொள்வோம். காய்க்கும் பருவத்தில், மே மாத வெயிலில், ஒரு நாளில் அந்தச் செடி 2 லிட்டர் தண்ணீரை இழுத்துவிடும். செடி உப்பையும் எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் கடும் வெயிலில் அது இழுப்பதில் பெரும்பகுதி வெறும் தண்ணீர்தான். இலை வழியாக ஆவியாகிப் போய்விடும். உப்பு முழுவதும் டப்பாவிலேயே தங்கிவிட்டதாகக் கொண்டால், மீதி 3 லிட்டரில் ஈசி 3.3-ஐத் தொட்டுவிடும், அதுவும் ஒரே நாளில். இதே செடி 20 லிட்டர் கரைசலில் இருந்து அதே 2 லிட்டரைக் குடித்தால், மாலையில் ஈசி 2.2 தான். காலையில் 2 லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றினால் பழையபடி ஆகிவிடும். ஒரு டம்ளர் மோரில் விழுந்த ஒரு ஸ்பூன் உப்பும், அண்டா மோரில் விழுந்த ஒரு ஸ்பூன் உப்பும் ஒன்றா? பிஎச் விஷயமும் இப்படித்தான். தண்ணீர் குறைவாக இருந்தால் காலையில் 6 இருந்தது சாயங்காலத்துக்குள் எங்கோ போய்விடும்.

நம் ஊர்த் தண்ணீரில் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகிறது. பாலாற்றுப் படுகை ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீர் கடின நீர். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 1000 காட்டும் தண்ணீரில், நாம் உரம் எதுவும் போடுவதற்கு முன்பே ஈசி ஏறத்தாழ 2 ஆகிவிடுகிறது. அதில் இருப்பது செடிக்கு வேண்டிய சத்து மட்டும் அல்ல, சோடியமும் குளோரைடும் சேர்ந்தே வரும். இவற்றைச் செடி அதிகம் எடுக்காது. ஒவ்வொரு முறை நாம் தண்ணீர் ஊற்றும்போதும் அவை கூடிக்கொண்டே போகும். சின்ன டப்பாவில் வேகமாகக் கூடும், இலை ஓரம் கருகும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போடுவார்கள், அத்தோடு செடி முடிந்தது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருவில் இருப்பவர்கள் அந்தத் தண்ணீரில் கரைசல் கலக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழைநீரைப் பிடித்து வைப்பவர்களுக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை. இரண்டும் இல்லாதவர்கள் பாத்திரத்தைப் பெரிதாக்கியே தீர வேண்டும்.

அடுத்தது சூடு. வேலூரில் அக்னி நட்சத்திரத்தின்போது வெயில் 42, 43 டிகிரி வரை போவது புதிதல்ல. மாடித் தளம் அதைவிடச் சுடும். செடியின் வேர் தண்ணீருக்குள் இருக்கும்போது, அந்தத் தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவைத்தான் சுவாசிக்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும், 35 டிகிரியில் 7 தான். சூட்டில் வேருக்குத் தேவை கூடும், தண்ணீரில் இருப்பு குறையும். இந்த நேரம் பார்த்துப் பித்தியம் என்ற, பூஞ்சணம் போன்ற வேரழுகல் கிருமி புகுந்துவிடும். வெள்ளை வேர் பழுப்பாகி, கையால் தொட்டால் வழுவழுவென்று கழன்று வரும், ஒரு கெட்ட வாடை அடிக்கும். கரைசல் 25 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது என்று பல கையேடுகளில் எழுதியிருக்கும். வேலூரில் மே மாதம் அது நடக்காத காரியம். ஆனால் 3 லிட்டர் தண்ணீர் மதியம் ஒரு மணிக்கே கொதித்துப்போகும், 20 லிட்டர் தண்ணீர் சூடேற நேரமாகும், அதற்குள் வெயில் சாய்ந்துவிடும். பக்கெட்டைச் சுற்றி ஈரக் கோணி கட்டி, மேலே 50 சதவீத நிழல்வலை போட்டால் இன்னும் கொஞ்சம் தாங்கும். மீன் வரும் தெர்மாகோல் பெட்டி இந்த விஷயத்தில் பிளாஸ்டிக் பக்கெட்டை விட நல்லது. என் கடைச் சாமானுக்கு எதிராகவே இதைச் சொல்கிறேன்: கீரை, லெட்யூஸ் வளர்ப்பவர்கள் அந்தப் பெட்டியை வாங்கி, நன்றாகக் கழுவி, உள்ளே கெட்டியான பாலிதீன் தாள் விரித்து வையுங்கள். மூடியிலேயே ஓட்டை போட்டு நெட் பாட் சொருகிவிடலாம்.

சரி, எந்தச் செடிக்கு எத்தனை லிட்டர்? ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி என்ற தோட்டக்கலை அறிஞர், பம்பும் மின்சாரமும் இல்லாமல், நிற்கிற தண்ணீரிலேயே லெட்யூஸ் வளர்க்கும் முறையைப் பரப்பியவர். ஒரு லெட்யூஸுக்கு 4 லிட்டர் பாத்திரம் என்பது அவருடைய கணக்கு. அந்த முறையில் அளவு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அறுவடை வரை செடிக்கு வேண்டிய மொத்தத் தண்ணீரும் முதல் நாளே பாத்திரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் இறங்க இறங்க மேலே காலியாகும் இடத்தில் காற்று வேர்கள் உருவாகும், செடி அந்த வேர்களால்தான் மூச்சு விடும். பாதியில் தண்ணீர் தீர்ந்துபோய் மறுபடி மூடி வரை நிரப்பினால் காற்று வேர்கள் மூழ்கிச் செடி வாடிவிடும். தண்ணீர் நிறைய இருக்கும்போதே செடி வாடுகிறதே என்று கடைக்கு வந்து கேட்பவர்களில் பலர் இதைத்தான் செய்திருப்பார்கள்.

ஹவாயில் 4 லிட்டர் சரி. வேலூரில் கோடையில் அந்த லெட்யூஸுக்கு 6 லிட்டராவது ஒதுக்குங்கள் என்பது என் அனுபவம். மார்கழி, தையில் 4 போதும். 40 லிட்டர் தெர்மாகோல் பெட்டி ஒன்றில் ஆறு செடிக்கு மேல் வைக்காதீர்கள், எட்டு வைக்க இடம் இருந்தாலும். தண்டுக்கீரை, கொத்தமல்லி, பாலக் எல்லாம் தனித்தனிப் பாத்திரம் கேட்காது. 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள அகலமான டப் ஒன்றில் கூட்டாக வளரும். ஆழத்தைவிட அங்கே அகலம்தான் முக்கியம். புதினாவைக் கீரையோடு சேர்க்க வேண்டாம், அதன் வேர் மற்றதை நெருக்கிவிடும். தனியாக ஒரு 5 லிட்டர் எண்ணெய் கேன் கொடுத்துவிடுங்கள். மிளகாய்ச் செடிக்கு 10 முதல் 12 லிட்டர். தக்காளி, கத்தரி, வெள்ளரி மூன்றுக்கும் செடிக்கு ஒரு 20 லிட்டர் பக்கெட், அதுவும் ஏர் பம்ப் போட்டு, அடியில் காற்றைக் குமிழாக விடும் ஏர் ஸ்டோன் வைத்து. இவை ஒரு பருவத்தில் குடிக்கும் தண்ணீர் எந்தப் பக்கெட்டிலும் அடங்காது. அதனால் கிராட்கி முறை இவற்றுக்கு ஒத்து வராது. அடிக்கடி தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும், ஊற்றுவதற்கு இடையில் செடி தாங்க வேண்டும், அதற்குத்தான் 20 லிட்டர்.

இங்கே கடைக்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். 20 லிட்டர் பக்கெட் என்று நாங்கள் விற்பது விளிம்பு வரை நிரப்பினால் வரும் அளவு. மூடியில் நெட் பாட் தொங்கும், அதன் அடிப்பாகத்துக்குக் கீழேதான் தண்ணீர் நிற்க வேண்டும். ஆக உள்ளே நிற்பது 15, 16 லிட்டர் கரைசல்தான். பக்கெட் கீழே போகப் போகக் குறுகும். அதனால் பாதி உயரம் தண்ணீர் என்றால் பாதி லிட்டர் என்று அர்த்தம் இல்லை, பாதிக்கும் குறைவு. வீட்டுக்குப் போனதும் ஒரு லிட்டர் மக்கில் அளந்து ஊற்றி, பக்கெட்டின் வெளியே மார்க்கர் பேனாவால் 5, 10, 15 என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். செடி ஒரு நாளில் எவ்வளவு குடிக்கிறது என்று அந்தக் கோடு சொல்லிவிடும்.

பெரிதாக வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஒற்றை லெட்யூஸை 20 லிட்டர் பக்கெட்டில் வைத்தால் அறுவடையின்போது முக்கால் பக்கெட் கரைசல் மீதி இருக்கும், அவ்வளவு உரமும் வீண். அதைச் சாக்கடையில் ஊற்றுவது இன்னொரு தப்பு. தென்னை நார்க்கழிவு நிரப்பி வளர்ப்பவர்களுக்குப் பெரிய தொட்டியால் வேறு ஆபத்து. சின்ன நாற்றைச் சுற்றி வேர் எட்டாத இடமெல்லாம் எப்போதும் சொதசொதவென்று இருந்து, அழுகல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். நாற்று சின்னதாக இருக்கும்போது சின்ன கப், நாலைந்து இலை வந்ததும் அதன் நிரந்தர இடத்துக்கு மாற்றுவது என்று இரண்டு படியாக வைத்துக்கொள்வதே நல்லது.

இப்போது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். மகன் வாங்கிக் கொடுத்த, மண்ணில்லாமல் வளர்க்கும் ஹைட்ரோபோனிக் கிட் ஒன்றை மாடியில் பொருத்தியிருக்கிறார். மூன்று அங்குல பிவிசி பைப், வரிசையாக ஓட்டை, கீழே ஒரு சின்னத் தொட்டி, பம்ப். அதில் அவர் வைத்தது இலவம்பாடி முள்ளுக் கத்தரி. வேலூரின் பெயரோடு 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே கத்தரிதான். ஊர்ப் பெருமை, வைத்துப் பார்க்க ஆசைப்பட்டதில் என்ன தப்பு? "காய்கறி எல்லாம் வரும்னு சொல்லித்தானே வித்தாங்க தம்பி" என்றார். கத்தரியின் வேர் பைப் முழுக்க அடைத்துக்கொண்டு, தண்ணீர் ஓட வழியில்லாமல் ஓட்டை வழியாகத் தளத்தில் வழிந்திருக்கிறது. அடைப்புக்கு அந்தப் பக்கம் இருந்த செடிகள் காய்ந்துவிட்டன. அந்த பைப் கீரைக்கும் லெட்யூஸுக்கும் ஆனது, தப்பு பைப்பில் இல்லை. கத்தரிக்கு ஆகாது என்று பெட்டியில் ஒரு வரி அச்சடிக்காமல் விற்றவர்களின் தப்பு அது. அவருக்கு மூடியுள்ள 20 லிட்டர் பக்கெட்டுகளும், பைப்பில் வைக்க வெந்தயக்கீரை, பாலக் யோசனையும் கொடுத்து அனுப்பினேன்.

அந்த பைப் முறையில் இன்னொரு பலவீனமும் உண்டு. பைப்பின் அடியில் மெல்லிய படலமாகத்தான் தண்ணீர் ஓடும். பம்ப் நின்றால் வேர் காய ஆரம்பித்துவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை என்று உங்கள் நாளிதழிலேயே செய்தி வருகிறது. மே மாதத்தில் அப்படி ஒரு நாள் போதும். பக்கெட்டில் ஏர் பம்ப் நின்றாலும், தண்ணீர் இருக்கிறது, மேலே கொஞ்சம் காற்று இருக்கிறது, செடி மாலை வரை தாங்கும். பைப்தான் வேண்டும் என்பவர்கள் நான்கு அங்குலமாகப் போடுங்கள், கீழே உள்ள தொட்டியைப் பெரிதாக வையுங்கள், கையோடு ஒரு இன்வெர்ட்டரும் பாருங்கள்.

பழைய டிரம் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். பெரிய பாத்திரம் வேண்டும் என்று சொன்னால் மக்கள் உடனே தேடிப் போவது குறைந்த விலையில் கிடைக்கும் 200 லிட்டர் நீல டிரம்மையும் 35 லிட்டர் கேனையும்தான். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் தொழில் நடக்கும் ஊர்கள் நம்மைச் சுற்றி. அந்தத் தொழிலில் குரோமியம் உப்பு, சல்பைடு, அமிலம், சாயம் எல்லாம் டிரம்மிலும் கேனிலும்தான் வரும், காலியானது பழைய சாமான் கடைக்கு வரும். வெளியில் பார்த்தால் சுத்தமாக இருக்கும். எத்தனை முறை கழுவினாலும், உள்ளே என்ன இருந்தது என்பது நமக்குத் தெரியாது. அதில் வளர்ந்த கீரையைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதா? தயவு செய்து வேண்டாம். சமையல் எண்ணெய் வந்த கேன், பேக்கரியில் ஜாம், கிரீம் வந்த பக்கெட் என்று, உணவுப் பொருள் வந்ததாக நிச்சயம் தெரிந்ததை மட்டும் வாங்குங்கள். புதிதாக வாங்கினால் அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். வாடை அடிக்கும் கறுப்பு ரீசைக்கிள் பக்கெட் சிமெண்ட் கலக்கத்தான் ஆகும்.

வெளிச்சம் ஊடுருவும் பாத்திரத்தில் பாசி பிடிக்கும். குடிநீர் கேனை வெட்டி வைப்பவர்கள் வெளியே முதலில் கறுப்பு, அதன் மேல் வெள்ளை பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், ஏர் டியூப் நுழையும் ஓட்டையில்கூட இடைவெளி கூடாது. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மாநகராட்சி ஊழியர்கள் மாடி ஏறிப் பார்த்துத் திறந்து கிடக்கும் தண்ணீரைக் கொட்டச் சொல்வது நியாயமானதுதான்.

எடையையும் மறக்கக் கூடாது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. 20 லிட்டர் பக்கெட்டை நெருக்கி ஒன்பது வைத்தாலே அதைத் தாண்டிவிடும். ஆறு வைத்தால் எடையும் அடங்கும், தக்காளிக்குக் காற்றோட்டமும் கிடைக்கும். கரைசல் சேமிக்கும் பெரிய டிரம்மை மாடி நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ வரும் இடம் பார்த்து வையுங்கள். நம் வேலூரின் கஸ்பா, சைதாப்பேட்டைப் பக்கம் இன்னும் மரக்கட்டை உத்தரம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் உண்டு. அந்த வீட்டுக்காரர்கள் கீரைப் பெட்டியோடு நிறுத்திக்கொண்டு, தக்காளி, கத்தரியை முற்றத்திலோ வாசலிலோ வைப்பதே நல்லது.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். மண்ணில்லாச் சாகுபடி பற்றி அடுத்து எழுதும்போது, எந்தச் செடியைச் சொன்னாலும் பக்கத்திலேயே அதற்கு எத்தனை லிட்டர் என்று எண்ணில் போடுங்கள். கோடைக்கு ஒன்று, குளிர் காலத்துக்கு ஒன்று என்று இரண்டு எண் போட்டால் இன்னும் நல்லது. கிட் தயாரிப்பவர்கள் எந்தச் செடிக்கு ஆகும், எதற்கு ஆகாது, தொட்டி எத்தனை லிட்டர் என்று பெட்டி மேல் தமிழில் அச்சிட வேண்டும். விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வேலூர் வெயிலையும் வேலூர்த் தண்ணீரையும் வைத்து அவர்கள் ஒரு அட்டவணை தயாரித்துக் கொடுத்தால், அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து என் கடையில் பக்கெட் அடுக்கிய சுவரில் ஒட்டி வைக்கிறேன். மற்ற கடைக்காரர்களுக்கும் நானே நகல் எடுத்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பாத்திரக் கடைக்காரர்,
சத்துவாச்சாரி, வேலூர்.